கெசியாவின் பெயரைச் சொன்னவள்

கோல்ட்புரூக்கில் ஜெருஷா டார்பெல்லைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுவாள் என்பது ஒன்றுதான் ஊரறிந்த குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் லாங்லி நரக நெருப்பைப் பற்றி மூச்சுவிடாமல் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். ஆராதனைக் கூடத்தில் கணப்பு கிடையாது. குளிரில் அவருடைய மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்த ஜெருஷா, அது விழுந்ததும் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதற்காகச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அப்போதும் அவள் உதட்டோரம் துடித்ததாகப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

மற்றபடி அவள் ஒழுங்கான குடும்பத்துப் பெண். கணவன் இத்தாமார் பீப்பாய் செய்கிறவன். வாய் திறந்து அதிகம் பேசாதவன். யார் என்ன சொன்னாலும் தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றிக்கொண்டே கேட்பவன். ஜெருஷா எட்டுப் பெற்றாள். நான்கு தங்கின. கடைசிப் பிள்ளை ஆசா பிறந்தபோது அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காணி விதவை கெசியா ஃபாஸ்டிக்குடையது. அவளும், கல்யாணமாகாத அவள் மகள் பெத்தியாவும் பன்றி வளர்த்து, பீர் காய்ச்சிப் பிழைத்தார்கள். கெசியாவின் வாயில் விழுவதைவிட ஓநாயின் வாயில் விழலாம் என்பார்கள் ஊரில். ஜெருஷாவுக்கும் அவளுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

"உங்க பன்னி என் பட்டாணியெல்லாம் மேஞ்சுட்டுப் போயிருக்கு, கெசியாக்கா."

"மேஞ்சா என்ன? நீ ஆக்குற பட்டாணி பல்லுல ஒடியாதுன்னு உன் புருஷனே சொல்லிட்டுத் திரியறான். பன்னியாவது தின்னுச்சேன்னு சந்தோஷப்படு."

ஜெருஷா கோபமாகத் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். இத்தாமாரைக் கேட்டபோது அவன் தொப்பியைச் சுற்றினான். இப்படித்தான் இருந்தது அந்த இரண்டு வீட்டுக்கும் உள்ள உறவு. சிநேகிதம் என்று சொல்ல முடியாது.

அது ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் வருஷம். மாசச்சூசெட்ஸ் முழுக்கப் பிசாசைப் பற்றித்தான் பேச்சு. வடக்கே செவ்விந்தியரோடு சண்டை. எரிந்த ஊர்களிலிருந்து அநாதைப் பிள்ளைகள் வந்து வீடுவீடாக வேலைக்கு நின்றார்கள். சபையின் உதவிக்காரர் பெல்லின் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தாள். பெயர் டெம்பரன்ஸ். தாயையும் தகப்பனையும் தன் கண்ணெதிரில் பறிகொடுத்தவள். பெல்லின் மனைவி ட்ருசில்லா அவளை விடிந்ததிலிருந்து பொழுதடையும்வரை ஓட வைப்பாள். ஒரு நாள் ரொட்டி மாவுக்கு ஈஸ்ட் வாங்கி வரச் சொல்லி அவளைக் கெசியாவிடம் அனுப்பினாள்.

"போன வாரம் வாங்கிட்டுப் போனதை என்னடி பண்ணினீங்க, தின்னுட்டீங்களா?" என்றாள் கெசியா. "வாங்குற கைக்கு வாய் ஒண்ணும் இருக்கணும்னு உன் எஜமானியம்மாகிட்ட சொல்லு. ஒரு நன்றி வராது அந்த வாயிலிருந்து. இந்தா, கொண்டு போ. பொங்கினா பொங்குது, பொங்காட்டிப் போகுது."

மாவு பொங்கவில்லை. மறுநாள் ஆராதனையில் டெம்பரன்ஸ் தரையில் விழுந்தாள். கழுத்து முறுக்கிக்கொண்டது, நாக்கு வெளியே தொங்கியது. யாரோ தன்னைக் கடிப்பதாகவும் கிள்ளுவதாகவும் அலறினாள். யார், யார் என்று எல்லாரும் குனிந்து கேட்டார்கள். முதலில் அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை. "கெசியாவா? ஈஸ்ட் கொடுத்தாளே, அவளா?" என்று ட்ருசில்லாதான் கேட்டாள். அந்தப் பெண் ஆமாம் என்று தலையாட்டினாள்.

கெசியாவைப் பிடித்து வந்து ஆராதனைக் கூடத்திலேயே விசாரணை வைத்தார்கள். நகரத்திலிருந்து நீதிபதி குதிரையில் வந்து இறங்கினார். பிரசங்க மேடைக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தார்.

"கெசியா ஃபாஸ்டிக், இந்தப் பொண்ணை ஏன் இம்சை பண்றே?"

"நான் பண்ணலைங்க."

"அப்ப யாரு பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? நான் இங்க நிக்கிறேன். அவ அங்க உருள்றா."

"உன் உருவம் வந்து அவளைக் கடிக்குது."

"கடிக்கிறதுக்குப் பல்லு வேணுமேங்க. இருக்கிறதே இவ்வளவுதான்" என்று கெசியா வாயைத் திறந்து காட்டினாள்.

பெண்கள் வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் சிரித்தாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். ட்ருசில்லாவும் திரும்பிப் பார்த்தாள். ஜெருஷா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெசியாவின் கையைப் பிடித்து இழுத்து டெம்பரன்ஸின் நெற்றியில் வைத்தார்கள். துடித்துக்கொண்டிருந்த பெண் அடங்கினாள். உடம்பை விட்டுப் போன விஷம் சூனியக்காரியின் கைக்கே திரும்பிவிட்டது என்று போதகர் விளக்கினார். அதற்குமேல் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கிலி போட்டு நகரத்துச் சிறைக்கு வண்டியேற்றினார்கள்.

வழக்குக்கு முன்னால் உடம்பைச் சோதிக்க வேண்டும். சூனியக்காரியின் உடம்பில் பிசாசின் குட்டிகள் பால் குடிக்கும் காம்பு ஒன்று மறைவான இடத்தில் இருக்கும், ஊசியால் குத்தினாலும் அங்கே வலிக்காது என்பது எல்லாரும் நம்பிய விஷயம். சோதிப்பதற்கு, பிள்ளை பெற்ற, சபையில் நல்ல பெயர் உள்ள பெண்களைக் கேட்டார்கள். தலைமை ட்ருசில்லா. ஜெருஷாவின் பெயரையும் சேர்த்தது யார் என்று தெரியவில்லை. விசாரணையில் சிரித்தவளுக்குப் புத்தி வரட்டும் என்று போதகரே சேர்த்ததாகப் பேச்சு.

சிறைக்காரன் வீட்டுப் பின்னறையில் கெசியாவின் உடுப்பைக் களைந்து நிறுத்தினார்கள். கிழவி நடுங்கினாள். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"நல்லாப் பாருங்கடி. உங்களுக்கும் ஒரு நாள் இப்படித் தொங்கத்தான் போகுது."

ட்ருசில்லா ஊசியோடு மண்டியிட்டாள். தோள், அக்குள், மார்பின் அடி, தொடை. ஒவ்வோர் இடமாகக் குத்தினாள். குத்துமிடமெல்லாம் கிழவி கத்தினாள். கடைசியில் காலிடுக்கில், பிள்ளை பிறக்கும் வழியோரம், விரல் நுனியளவு சதைத் துணுக்கு ஒன்று தொங்குவதைப் பார்த்து நிறுத்தினாள். "இதோ" என்றாள். மற்றப் பெண்கள் குனிந்து பார்த்தார்கள். ஊசி இறங்கியது. கத்திக் கத்திக் களைத்திருந்த கெசியா அந்தக் குத்துக்கு மட்டும் சத்தம் போடவில்லை.

ஜெருஷாவும் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

"இது பிள்ளைப் பேத்துல கிழிஞ்சு ஆறின சதைதான், அக்கா" என்றாள் ட்ருசில்லாவிடம். "எனக்கும் இதே இடத்துல இருக்கு. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் வந்துச்சு. உங்களுக்கில்லையா?"

ஒருத்தி பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். இன்னொருத்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவர்களில் இரண்டு பேருடைய பிரசவத்தில் ஜெருஷாவே கூட இருந்திருக்கிறாள். அவர்களுக்கும் கிழிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கெசியாதான் பேசினாள். "வாயை மூடுடி, அசடு" என்றாள். "இது உன் பட்டாணித் தோட்டமில்ல."

நீதிமன்றத்தில் எல்லாப் பெண்களும் பிசாசின் காம்பு இருந்ததாகச் சத்தியம் செய்தார்கள். ஜெருஷா செய்யவில்லை. மூத்த நீதிபதி ஏன் என்று கேட்டார். உயர்ந்த மேசைக்குப் பின்னால் விக் அணிந்த ஆண்கள். கூடம் கொள்ளாத ஜனம். அவள் காது மடல்வரை சிவந்துபோனாள். ஆனால் கேட்டார்கள், அதனால் சொன்னாள்.

"அது பிள்ளை பெத்தவங்களுக்கு இருக்கிறதுதாங்க. எனக்கும் இருக்கு."

முதலில் பின் வரிசையில் யாரோ ஓர் ஆண் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மூத்த நீதிபதி முன்னால் சாய்ந்து, "உனக்கும் இருக்கா?" என்று மெதுவாக, ஏறக்குறைய அன்பாகக் கேட்டார்.

"இருக்குங்க."

"சரி. நீ போகலாம்."

அவள் வெளியே வந்தபோது இத்தாமார் வண்டியருகே நின்றிருந்தான். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "உன்னை யாரு கேட்டா?" என்றான்.

"நீதிபதி கேட்டாருங்க."

"அவர் கேட்டா?"

அவன் கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

ஜூலையில் கெசியாவைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளைச் சங்கிலியோடு ஆராதனைக்குக் கொண்டுவந்து, சபையை விட்டுத் தள்ளி, ஆத்துமாவைச் சாத்தானிடம் ஒப்படைத்தார்கள். தூக்குமரத்தில் சாத்திய ஏணியில் அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. கால்கள் சிறையில் வீங்கிப்போயிருந்தன. பெத்தியா ஏணியடியில் நின்று தாயின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கான்ஸ்டபிள் அவள் கையைப் பிரித்தெடுக்க நேரமாயிற்று. சீக்கிரம், சீக்கிரம் என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். வெயில் அப்படி. உடம்பைப் பாறையிடுக்கில் தள்ளி மேலே கொஞ்சம் மண்ணைப் போட்டார்கள். ஒரு கை வெளியே தெரிந்தது என்றார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. பல்லில்லாத கிழவியைத் தூக்கிவிட்டோமே என்று மாவு மில்லில் சிலர் பேசிக்கொண்டார்கள். போதகர் காதுக்கும் அது எட்டியது. சந்தேகம் சாத்தானுடைய கலப்பை என்று அடுத்த வாரம் பிரசங்கித்தார். அந்தப் பிரசங்கத்தின் நடுவில்தான் டெம்பரன்ஸ் எழுந்து கூரை உத்தரத்தைக் காட்டினாள்.

"அங்க உக்காந்திருக்கா. பிள்ளைக்காரி. மடியில சாம்பல் பூனை ஒண்ணு பால் குடிக்குது. சிரிக்கிறா. என்னைப் பாத்துச் சிரிக்கிறா."

ஜெருஷா கீழே பெஞ்சில் உட்கார்ந்து ஆசாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பெஞ்சில் அவளும் குழந்தையும் மட்டும் மிஞ்சினார்கள்.

கான்ஸ்டபிள் வந்தபோது அவள் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொள்ளக் கேட்டாள். அவன் விடவில்லை. பெரிய பிள்ளைகள் மூன்றும் கொட்டகையில் ஒளிந்துகொண்டன. பால் குடிக்கும் குழந்தை என்பதால் ஆசாவைக் கூடவே கொண்டுபோனாள். சிறையில் அவளுக்குக் காலில் விலங்கு மாட்டினார்கள். விலங்கு கனத்தால்தான் உருவம் வெளியே உலவாது. அன்று சாயங்காலம் டெம்பரன்ஸ் நிம்மதியாகத் தூங்கினாளாம். விலங்கு வேலை செய்கிறது என்றார்கள்.

அவளைச் சோதிக்க அதே பெண்கள் வந்தார்கள். அதே பின்னறை. ட்ருசில்லா இந்தமுறை தோளிலும் அக்குளிலும் தேடி நேரத்தைப் போக்கவில்லை.

"நீ சொன்ன இடத்துலயே இருக்கு" என்றாள்.

"ட்ருசில்லாக்கா, உங்களுக்கும்தான் இருக்கு."

ட்ருசில்லா நிமிர்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. அவள் கோபப்படவில்லை. பயந்திருந்தாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அவள் ஊசியை எடுத்து, தேவைக்குமேல் ஆழமாக இறக்கினாள்.

சிறையில் தண்ணீர்க் கஞ்சிதான். பால் வற்றியது. ஆசா அழுது அழுது, பிறகு அழ முடியாமல் சப்பிக்கொண்டே கிடந்தான். இத்தாமார் வந்தான். ஒடுங்கிப்போயிருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் தொப்பியைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"போதகரய்யா வீட்டுக்கு வந்தாரு, ஜெருஷா. என்கூட மண்டி போட்டு ஜெபம் பண்ணினாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒத்துக்கிட்டவங்க ஒருத்தரையும் தூக்கலைங்கறாரு. மாட்டேன்னு சொன்னவங்களைத்தான்…" அவன் நிறுத்தினான். "சொல்லிடேன்."

"எதைச் சொல்ல?"

"அவங்க கேக்கிறதை."

"நீங்க நம்புறீங்களா? நான் அப்படின்னு?"

இத்தாமார் அவளைப் பார்க்கவில்லை. "எனக்கெப்படித் தெரியும்?" என்றான். "நான் தூங்கிட்டிருப்பேன். நீ எங்க போறே, வர்றேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவன் பேசிய பேச்சு அது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவன் போன பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். ஒத்துக்கொண்டால் விடமாட்டார்கள், வேறு பெயர்கள் கேட்பார்கள். கேட்டு வாங்கிய பெயர்கள்தான் அந்தச் சிறை முழுக்க உட்கார்ந்திருந்தன. உயிரோடிருக்கும் யாரையும் சொல்ல மாட்டேன் என்று தீர்மானித்தாள். செத்தவர்களைச் சொல்லலாம். செத்தவர்களுக்கு இனி என்ன?

சிறைக்காரன் வீட்டு முன்னறையில் நீதிபதியும் போதகரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிசாசுகிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"கெசியா ஃபாஸ்டிக்."

போதகர் கண்ணை மூடி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அந்தப் பெயருக்காக அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தார் என்பது ஜெருஷாவுக்கு அப்போது தெரியாது.

"எங்க கூட்டிட்டுப் போனா?"

"மில்லுக்குப் பின்னால, சதுப்புக்கு."

"எதுல போனீங்க? கம்பு மேலயா?"

"ஆமாங்க. கம்பு மேல."

"சாத்தான் என்ன ரூபத்துல வந்தான்?"

அவள் யோசித்தாள். "கன்னுக்குட்டி மாதிரி."

நீதிபதிக்கு முகம் சுளித்தது. "கறுப்புக் கோட்டு போட்ட உசரமான ஆளுன்னு டெம்பரன்ஸ் சொன்னாளே."

"ஆமாங்க. முதல்ல கன்னுக்குட்டியா வந்தான். அப்புறம் உசரமான ஆளா ஆயிட்டான்."

"கோட்டு?"

"கறுப்புக் கோட்டுதாங்க."

"வேற யாரு இருந்தாங்க அங்க?"

அம்மை கண்டு இறந்த தன் நாத்தனாரைச் சொன்னாள். ஆற்றில் போன ஒரு கிழவியைச் சொன்னாள். இங்கிலாந்துக்குக் கப்பலேறி வழியில் இறந்த ஒருத்தியைச் சொன்னாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"உயிரோட யாருமே வரலியா உங்க கூட்டத்துக்கு?"

"இருட்டுங்க. முகம் தெரியல."

அவர் மேலும் மிரட்டியிருப்பார். போதகர்தான் தடுத்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து ஜெருஷாவின் ஒப்புதலை முழுவதும் சொன்னார். கெசியாவைத் தூக்கியது பாவமென்று முணுமுணுத்தவர்களே, கேளுங்கள், அவளுக்காகப் பரிந்து பேசியவளின் வாயாலேயே கேளுங்கள் என்றார். மில்லில் பேச்சு நின்றது. பின் வரிசையில் பெத்தியா உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து வெளியே போனதை எல்லாரும் பார்த்தார்கள்.

கெசியா சூனியக்காரி என்பது உறுதியான பிறகு, அவளோடு பழகியவர்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. பக்கத்து ஊரில் அவளுடைய நாத்தனார்கள் இருவர். அவர்களைப் பிடித்தார்கள். ஜெருஷாவை விலங்கோடு நீதிமன்றத்தில் நிறுத்தி, கெசியாவைப் பற்றிச் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

"இவங்க ரெண்டு பேரையும் நான் பாக்கலைங்க" என்றாள் அவள்.

"உன்னை அதைக் கேக்கல. கெசியாவைப் பத்திச் சொன்னது உண்மையா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

ஆசா அவள் தோளில் கிடந்தான். மூச்சு சூடாக அவள் கழுத்தில் பட்டது.

"உண்மைதாங்க."

குற்றவாளிக் கூண்டில் இருந்த பெண்களில் மூத்தவள் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யார் இவள், நமக்கும் இவளுக்கும் என்ன என்று விளங்காமல் பார்ப்பதுபோல் பார்த்தாள். செப்டம்பரில் இருவரையும் ஒரே மரத்தில் தூக்கினார்கள்.

ஜெருஷாவை வீட்டுக்கு விடவில்லை. இன்னும் வழக்குகள் இருந்தன, சாட்சி வேண்டும். இத்தாமாரிடம் கேட்டாள்.

"சொன்னா விட்டுடுவாங்கன்னீங்களே."

"தூக்க மாட்டாங்கன்னுதான் சொன்னேன்" என்றான் அவன். "விடுவாங்கன்னு சொல்லல."

முதல் பனி விழுவதற்குள் ஆசா இறந்தான். காலையில் சிறைக்காரன் வரும்வரை அவள் குழந்தையை விடவில்லை. பிறகு விட்டாள். சிறைக்காரன் அதை ஒரு தானியச் சாக்கில் சுற்றி இத்தாமாரிடம் கொடுத்தனுப்பினான். எங்கே புதைத்தார்கள் என்று கேட்க அவளுக்கு வசந்தகாலம் வரவேண்டியிருந்தது. அதற்குள் கவர்னரின் மனம் மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத உருவங்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது தவறு என்று பெரிய போதகர்கள் சிலர் எழுதினார்கள். சிறைகளைத் திறந்துவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பெத்தியாவிடம் போனாள். பெத்தியா தொட்டிக்குள் பன்றித் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெத்தியா. உங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க, இனி அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"ஒண்ணும் ஆகலையா?"

ஜெருஷா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏணியில நின்னப்ப எங்கம்மா என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா?" என்றாள் பெத்தியா. கலக்குவதை நிறுத்தவில்லை. "'இந்த ஊர்ல ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாடி, அது போதும்'னா. உங்களைத்தான். அதை வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் நான் சோறு தின்னேன். போதகர் மேடையில உங்க பேச்சைப் படிச்சாரு பாருங்க, அன்னைக்கு எங்கம்மா எனக்கு ரெண்டாந்தரம் செத்தா. எங்க அத்தைங்க ரெண்டு பேர் அதுக்கப்புறம்."

ஜெருஷா அழுதாள்.

"அழாதீங்க. குட்டிங்க மிரளும்."

"நான் என்ன பண்ணணும், சொல்லு. எதுன்னாலும் பண்றேன்."

"என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது? எங்கே பொய் சொன்னீங்களோ அங்கே போய் உண்மையைச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் முடிந்ததும் ஜெருஷா எழுந்து நின்றாள். பெண்கள் பேசக் கூடாத இடம் அது. கெசியா ஃபாஸ்டிக்கைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் பொய், அந்தக் கிழவி எந்தத் தப்பும் செய்யவில்லை என்றாள். குரல் உடையவில்லை.

போதகர் லாங்லி பொறுமையாகக் கேட்டார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுங்க."

"கர்த்தர் பேர்ல சத்தியம் பண்ணித்தானே அன்னைக்குச் சொன்னே?"

"ஆமாங்க."

"அப்போ நீ பொய்ச் சத்தியம் பண்றவ. பொய்ச் சத்தியம் பண்ற வாயிலேர்ந்து வர்றதை சபை எப்படி நம்பும்?"

ஜெருஷா கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள். ஊசி பிடித்தவர்கள் அங்கே இருந்தார்கள். சத்தியம் செய்தவர்கள் இருந்தார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தியவர்களும் இருந்தார்கள். கெசியா குற்றமற்றவள் என்றால் அவர்கள் யார்? அதைத் தெரிந்துகொள்ள அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் விருப்பமில்லை. ட்ருசில்லா கைகளை மடியில் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டெம்பரன்ஸ் அங்கே இல்லை. குளிர்காலத்திலேயே யாரோ ஒரு கப்பற்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு தெற்கே போய்விட்டாள்.

பொய்ச் சத்தியத்துக்காக ஜெருஷாவைச் சபையை விட்டு நீக்கினார்கள். கையுயர்த்தச் சொன்னபோது ஆண்கள் வரிசையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. இத்தாமாரின் கை கடைசியாக உயர்ந்தது. ஆனால் உயர்ந்தது.

பெத்தியா அந்த இலையுதிர் காலத்திலேயே நிலத்தை விற்றுவிட்டு ரோட் தீவுப் பக்கம் போய்விட்டாள். அங்கே கொஞ்சம் சகிப்புத்தன்மை உண்டென்று சொல்லிக்கொண்டார்கள். போகும்போது அவள் ஜெருஷாவின் வாசல் வழியாகத்தான் வண்டி ஓட்டினாள். ஜெருஷா வாசலில் நின்றாள். பெத்தியா மாட்டை அதட்டினாளே தவிர இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஜெருஷா நெடுநாள் வாழ்ந்தாள். இத்தாமார் ஞாயிறுதோறும் தனியாக ஆராதனைக்குப் போனான். அவள் வீட்டில் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார்கள். சபையில் அவன் உயர்த்திய கையைப் பற்றி அவள் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. அவள் சிரித்ததைப் பிறகு யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, புதிய கவர்னர் காலத்தில், அந்த வழக்குகளில் சிக்கியவர்களின் பெயர்களைக் கறை நீக்கி அறிவிக்க அரசாங்கம் ஆட்களை ஊர் ஊராக அனுப்பியது. கோல்ட்புரூக்கில் சத்திரத்து முன்னறையில் உட்கார்ந்து கேட்டார்கள். இத்தாமார் ஏற்கனவே மனுக் கொடுத்திருந்தான், அவளிடம் சொல்லாமலே. ஜெருஷா அறைக்குள் போனதும், கனிவான முகமுள்ள ஒரு பெரியவர் எழுந்து நாற்காலி காட்டினார்.

"உக்காருங்கம்மா. உங்க பேரு சரியாயிடுச்சு. இனி உங்க பேர்ல ஒரு குத்தமும் இல்ல."

"என் பேருக்காக வரலைங்க" என்றாள். "கெசியா ஃபாஸ்டிக்."

அவர் காகிதங்களைப் புரட்டினார். "அவங்களுக்காக யாரும் மனுப் போடலையே."

"நான் போடறேன்."

"நீங்க சொந்தமா?"

"பக்கத்து வீடு."

"சொந்தக்காரங்க கேக்கணும்மா. மகன், மகள் யாராவது?"

"மகள் இருந்தா. ரோட் தீவுக்குப் போனா. ஜுரத்துல செத்துட்டான்னு கேள்வி."

"அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லையே." அவர் இன்னொரு காகிதத்தைப் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அவங்க பேரைச் சொன்னதே நீங்கதானே?"

"அது பொய்ங்க. சபையிலேயே சொல்லிட்டேன்."

"சொன்னதுக்காகத்தான் நீக்கியிருக்காங்க போல" என்றார் அவர், படித்துக்கொண்டே. "நீக்கப்பட்டவங்க சாட்சியம் இங்க செல்லாதும்மா. வீட்டுக்குப் போங்க. உங்க பேரு சரியாயிடுச்சுல்ல, சந்தோஷமா இருங்க."

அவள் போகவில்லை. சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வேலை முடித்துக் குதிரையேறும்போது எழுந்து வந்து அந்தப் பெரியவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். "கெசியா ஃபாஸ்டிக்" என்றாள். அவர் கடிவாளத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. இத்தாமார் ஓடிவந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். குதிரைகள் போய்விட்டன. தெருவில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். கிழவனும் கிழவியும் சேற்றில் நின்றார்கள்.

"வா, வீட்டுக்குப் போகலாம்" என்றான் இத்தாமார்.

"நீங்க போங்க" என்றாள் ஜெருஷா. "நான் வர்றேன்."